பலகையின் மறுமுனையைப் பிடித்தவர்

அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே நான் குத்தகைக்கு எடுத்திருக்கும் குளத்தில் அன்று வலை இழுப்பு. நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்த என்னைக் கரையிலிருந்து ஒருவர் கைதட்டிக் கூப்பிட்டார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் நின்ற விதத்திலேயே துட்டி சொல்ல வந்தவர் என்பது தெரிந்துவிட்டது.

"மேலகரத்துப் பெரியவுக காலையில காலமாயிட்டாக. நாளைக்கு எடுக்காக. குற்றாலிங்கம் தம்பி ஒங்களுக்கு அவசியம் சொல்லிட்டு வரணும்னாக" என்றார்.

வலை பாதி இழுத்த நிலையில் இருந்தது. அப்படியே விட்டால் மீன் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து செத்துப்போகும். இழுத்து முடிக்கும்படி ஆட்களிடம் சொல்லிவிட்டுக் கரையேறினேன். அழுகை வரவில்லை. ஆவுடைநாயகம் அண்ணாச்சியின் வாயிலிருந்து வரும் என்று இத்தனை வருஷமாக நான் காத்திருந்த ஒரு சொல் இனி வரப்போவதில்லை என்பதுதான் முதலில் மனத்தில் பட்டது. அது என்ன சொல் என்பது போகப்போக விளங்கும்.

துட்டி வீட்டில், அவருடைய மகன் குற்றாலிங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டார். பதினாறாம் நாளுக்கு ஒரு சிறு புத்தகம் அச்சிடப் போகிறார்களாம். இந்த வட்டாரத்திலேயே முதன்முதலாக மீன் பண்ணை வைத்தவர் தம் தகப்பனார் என்பது ஊருக்கு மறந்துபோய்விட்டது, அதைப் பற்றி நான்தான் எழுதவேண்டும் என்றார். உள்ளதை எழுதலாமா என்று கேட்டேன். "உள்ளதையே எழுதுங்க, சித்தப்பா" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் தாயார் கோமதி மதினி தலையை நிமிர்த்தவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஆகவே எழுதுகிறேன்.

ஆவுடைநாயகம் அண்ணாச்சியின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சைவம். குற்றாலத்துக் கோயிலில் கட்டளை உள்ள வீடு. முட்டை என்ற சொல்லைக் கூட அந்த வீட்டுக்குள் யாரும் சொல்லமாட்டார்கள். பாகப்பிரிவினையில் மூத்தவர்களுக்கு நல்ல நஞ்சை போனது. இளையவரான இவருக்கு வந்தது, கால்வாய்க்குக் கீழே எந்நேரமும் ஊறிக்கொண்டே கிடந்த ஒரு சதுப்பு நிலம். நாற்று நட்டால் வேர் அழுகிவிடும். மாடு இறங்கினால் வயிறுவரை புதையும். பத்திரம் எழுதிய அன்று அண்ணன்மார் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையைப் பற்றி அவர் என்னிடம் ஒருமுறை சொன்னார். "சிரிக்கல வேய். சிரிப்ப அடக்குனாக. அதுதான் எனக்குப் பொறுக்கல."

நான் அப்போது சர்க்கார் மீன் பண்ணை ஒன்றில் வேலை பார்த்துவந்தேன். திருநெல்வேலியில் நடந்த விவசாயப் பொருட்காட்சியில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன்களைக் காட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. நெற்றி நிறைய விபூதி பூசியவர்கள் என் கொட்டகையை மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்துபோவது வழக்கம். இவர் நின்றார். தொட்டியில் இருந்தது கௌராமி. பட்டணத்துப் பக்கம் சர்க்கார் வளர்த்த, தட்டுப் போல அகன்ற மீன். நான் ஒரு சேம்பு இலையைக் கிழித்துப் போட்டேன். மீன்கள் அதைக் கடித்து இழுத்தன.

"என்ன வேய், எலையத் திங்குது?" என்றார்.

இது இலையும் பாசியும் தின்று வளரும் மீன் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப மீன்லயும் நம்மாளு இருக்கான்" என்றார். சிரிக்கவில்லை.

மறுநாளும் வந்தார். பொருட்காட்சி முடியும்வரை தினமும் வந்தார். எந்த மண்ணில் தண்ணீர் நிற்கும், எந்தத் தண்ணீரில் மீன் நிற்கும், ஊற்றுத் தண்ணீர் ஆகுமா, மலைத் தண்ணீர் குளிர்ச்சி அதிகமாயிற்றே, குஞ்சு தாங்குமா என்று கேள்விமேல் கேள்வி. கடைசி நாள் கொட்டகையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது வந்து, "நெலம் என்னது. கை ஒம்மது. வாரீரா?" என்றார். எங்கள் வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை. சர்க்கார் வேலையை விட்டுவிட்டு மேலகரம் வந்து சேர்ந்தேன். யுத்தத்துக்கு முந்திய வருஷங்கள் அவை.

அந்தச் சதுப்பு பண்ணையான கதையை இப்போது நினைத்தாலும் எனக்கு மகிழ்ச்சி வருகிறது, அதை மறைக்கவேண்டியதில்லை. முதலில் கரை. வெறும் மண்ணைக் கொட்டினால் கசிந்துவிடும் என்று நடுவில் வாய்க்கால் போல் தோண்டி, அதில் களிமண்ணை நிரப்பி, எருமைகளை இறக்கி மிதிக்கவிட்டோம். எருமைகள் களைத்துப்போனபோது அண்ணாச்சியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி மிதித்தார். மேட்டில் சின்னக் குட்டைகள், குஞ்சுகளுக்கு. அதற்குக் கீழே வளர்ப்புக் குட்டைகள். எல்லாவற்றுக்கும் கீழே, ஆழமாக, தாய் மீன்களுக்கான குளம். கால்வாயிலிருந்து தண்ணீர் வரும் மடைக்குப் பனம்பலகை அடைப்பு. அந்தப் பலகை தண்ணீரில் ஊறி இரும்புபோல் கனத்துவிடும். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். மடைக்கு உட்புறம் கம்பிவலை, அதற்கும் உள்ளே மெல்லிய துணிவலை. இல்லாவிட்டால் தண்ணீரோடு விரால் குஞ்சும் கெளுத்தியும் உள்ளே வந்து வளர்ப்பு மீனைத் தின்றுவிடும். சாரல் காலத்தில் மலையிலிருந்து வரும் இலைதழை வலையை அடைத்துக்கொள்ளும். அதை வழித்துப் போடும் வேலையை அண்ணாச்சி யாருக்கும் கொடுக்கமாட்டார். காலையில் பூஜை முடிந்ததும் நேரே மடைக்குத்தான் வருவார்.

பங்குனியில் குட்டைகளை ஒவ்வொன்றாக வடித்து, அடிமண் பாளம் பாளமாக வெடிக்கும்வரை காயவிடுவோம். ஓரங்களில் தேங்கிய தண்ணீரில் ஒளிந்துகொண்ட விராலைக் கொல்ல இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றுவோம். அதன் வீரியம் அடங்கியபின் சுண்ணாம்பு தூவி, சாணம் கரைத்து, மறுபடி தண்ணீர் விட்டால் பத்துப் பதினைந்து நாளில் குட்டை பச்சை பிடிக்கும். அந்தப் பச்சைதான் குஞ்சுக்குத் தாய்ப்பால். பிறகு தவிடும் கடலைப் புண்ணாக்கும். புண்ணாக்கு சுரண்டைச் செக்கிலிருந்து வண்டியில் வரும். மூங்கில் தட்டில் வைத்துத் தண்ணீருக்குள் இறக்கி, மாலையில் தட்டைத் தூக்கிப் பார்த்தால் மிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதிலிருந்தே மீனின் தேக நலம் தெரிந்துவிடும். இதெல்லாம் நான் கற்ற தொழில். ஆனால் அதைத் தம் நிலமாக, தம் பிள்ளையாகப் பார்த்தவர் அவர்.

முதல் கௌராமிக் குஞ்சுகளைப் பட்டணத்திலிருந்து ரயிலில் நாங்கள் இருவருமே கொண்டுவந்தோம். தகர டிரம்களில் தண்ணீர். அசையாமல் விட்டால் குஞ்சு மூச்சு முட்டிச் செத்துவிடும். வழி முழுக்கக் கையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். விருதுநகரில் வண்டி மாறியபோது கார்டு சத்தம் போட்டார். அண்ணாச்சி எழுந்து நின்று, இது தென்காசிக்குப் போகும் சம்பந்தி வீட்டுச் சீர், கவிழ்ந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் சொன்னார். கார்டு டிரம்மை எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஊர் சும்மா இருக்குமா? மூத்த அண்ணன் இவர் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். கோயிலில் கட்டளை நாள் வந்தபோது, இவரைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும்படி சொன்னார்கள். நானும் அன்று அங்கே இருந்தேன். அண்ணாச்சி குரலை உயர்த்தாமல் அண்ணனிடம் கேட்டார். "நான் மீனத் திங்கல, அண்ணே. வளக்கேன். மாட்ட வளக்கவன்லாம் மாட்டயா திங்கான்?" அவர் ஒதுங்கவில்லை. இந்த மனுஷருக்காக எதையும் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

கௌராமி முதன்முதல் கூடு கட்டிய நாளில் ஆட்களைப் பேசவிடாமல் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு கரையில் குந்தியிருந்தார். ஆண் மீன் புல்லையும் வேரையும் வாயால் கவ்விக் கவ்விக் கொண்டுவந்து குருவிக்கூடு போல் உருட்டியது. அதைப் பார்க்கக் கோமதி மதினியையும், மகள் குழல்வாய்மொழியையும் வண்டி கட்டி அழைத்துவந்தார். குற்றால சீசனில் பங்களாக்களில் வந்து தங்கும் ஜமீன்தார்களுக்கும் துரைமார்களுக்கும் எங்கள் மீன் போயிற்று. தென்காசிச் சந்தைக்குப் போயிற்று. புளியறை வழியாகத் திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்துக்கு, தொட்டி வைத்த மாட்டு வண்டியில் உயிரோடு போயிற்று. மலையாளத்துக்காரர்கள் துள்ளுகிற மீனைத்தான் வாங்குவார்கள்.

ஓர் ஐப்பசியில் சிற்றாறு கரை கொள்ளாமல் வந்தது. பிற்பகலில் தாய்க்குளத்துத் தென்கரை சரியத் தொடங்கியது. வாழைத்தண்டு, வைக்கோல் கட்டு, மண் மூட்டை எதுவும் நிற்கவில்லை. போட்டதெல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று. அண்ணாச்சியைக் காணோம். கொஞ்ச நேரத்தில் வண்டியில் வந்து இறங்கினார். வண்டிக்குள் அவர் வீட்டு வாசல் கதவு. நிலையிலிருந்து கழற்றியே கொண்டுவந்துவிட்டார். அந்தக் கதவை உடைப்பின் குறுக்கே நிறுத்தி, அவரும் நானும் அதில் முதுகைக் கொடுத்து நின்றோம். ஆட்கள் பின்னால் மண்ணைப் போட்டு மிதித்தார்கள். தண்ணீர் தோளுக்கு மேலே வழிந்து வாயில் அடித்தது.

"விடாதீரும் வேய்" என்றார். "விட்டா நம்ம ரெண்டு பேரும் தென்காசியிலதான் கரையேறணும்."

நாங்கள் விடவில்லை. கரை நின்றது. அவர் வீடு இரண்டு மூன்று நாள் கதவில்லாமல் திறந்து கிடந்தது.

இதையெல்லாம் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்பின் தெரியாத ஒருவர் எனக்குத் தீங்கு செய்திருந்தால் அதை இங்கே எழுத வந்திருக்கமாட்டேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஒரு வருஷம் சாரல் பொய்த்தது. ஐந்தருவியில் பாறைதான் தெரிந்தது. கால்வாயில் கணுக்கால் அளவுத் தண்ணீர். தலைமடைக்கு ஒரு முறை, கடைமடைக்கு ஒரு முறை என்று ஊர் கூடி முறை வைத்தது. எங்கள் பண்ணை தலைமடையில். கால்வாயின் கடைசியில் இருக்கும் ஊர்க்காரர்கள் தங்கள் முறைநாளில் ஒரு சொட்டு வீணாகாமல் காவல் காத்தார்கள். அந்த ஊரிலேதான் குழல்வாய்மொழிக்குச் சம்பந்தம் நிச்சயமாகியிருந்தது. ஆவணியில் கல்யாணம்.

தாய்க்குளத்தில் தண்ணீர் வற்றி, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கத் தொடங்கின. அண்ணாச்சி காலையில் வந்து கரையில் நின்று பார்த்தார். வாய் பிளக்கும் மீனைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை. மடைக்குப் போனார். நானும் போனேன். அன்று கடைமடை முறை என்று நினைவூட்டினேன்.

"நாளைக்கு நம்ம முறைதான். ஒரு பொழுது முந்துனா மலையா முழுகிரும்?" என்றார். நான் தயங்கினேன். "கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன். பிடியும்" என்று சொல்லிக் குனிந்து பலகையின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை நான் பிடித்தேன். இருவருமாகத் தூக்கினோம். பலகையின் சிலாம்பு ஒன்று அவர் கட்டைவிரலில் ஏறிவிட்டது. நான்தான் ஊசி கொண்டுவரச் சொல்லி அதை எடுத்துவிட்டேன். தாய்க்குளத்தில் தண்ணீர் இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து இருவரும் தயிர்ச்சோறு சாப்பிட்டோம்.

மறுநாள் கடைமடைக்காரர்கள் திரண்டு வந்தார்கள். கால்வாய்த் தலைப்பில் மருதமரத்தடியில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். வந்தவர்களுக்கு முன்னால் நின்று பேசியவர் செல்லையா என்ற விவசாயி. அவருக்குப் பின்னால், சம்பந்தி வீட்டார் கும்பலோடு கும்பலாக இருந்தார்கள். தங்கள் பயிர் கருகுகிறது, முறைத்தண்ணீரை எடுத்தது யார் என்று செல்லையா கேட்டார்.

நான் கவலைப்படவில்லை. பதில் சொல்ல அண்ணாச்சி இருக்கிறார். அவர் எழுந்து நின்றார்.

"எனக்குத் தெரியாது" என்றார். "பண்ணைக் காரியம் எல்லாம் அவரு பொறுப்பு. எங்கிட்டக் கேக்காமத் தொறந்திருக்காரு."

முதலில் அது யாரைப் பற்றி என்று எனக்கு விளங்கவில்லை. எல்லோர் தலையும் என் பக்கம் திரும்பியபோதுதான் விளங்கியது. அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. சிலாம்பு ஏறிய கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தபடி நின்றார். ஊர்ப் பெரியவர்கள் என்னைக் கேட்டார்கள். நான் என்ன சொல்ல? தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் இருக்கிற, பொய் சொல்லி யாரும் கேட்டறியாத மனுஷர் ஒரு பக்கம். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்த மீன்காரன் ஒரு பக்கம். அவரே திருத்திச் சொல்வார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை.

பண்ணை மடையைக் கல் வைத்து அடைப்பது, எடுத்த தண்ணீருக்கு ஈடாகக் குளத்தை வடித்துக் கடைமடைக்கு விடுவது என்று தீர்ப்பாயிற்று. அன்றைக்கே வடித்தார்கள். பார்க்க அண்ணாச்சி வரவில்லை. கரையில் நின்று நான் பார்த்தேன். தண்ணீர் இறங்க இறங்க மீன்களின் முதுகு தெரிந்தது, பிறகு விலா தெரிந்தது. கௌராமியோடு விட்டிருந்த கெண்டைகளைக் கூடை கூடையாக அள்ளிக்கொண்டு போனார்கள். கௌராமியை எடுக்க யாருக்கும் மனமில்லை, பழகாத மீன். அவை சேற்றில் கிடந்து வெகுநேரம் செவுளை அடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் குஞ்சிலிருந்து எனக்குத் தெரியும். சின்னப் பையன் அல்ல, வளர்ந்த மனிதர் ஒருவர் என்னைக் காட்டி, "தண்ணி களவாண்டவரு இவருதான்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டு போனார்.

மறுநாள் ரயிலேறிவிட்டேன். ஸ்டேஷனுக்கு யாரும் வரவில்லை. ஆவணியில் கல்யாணம் சிறப்பாக நடந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்தப் பெண் நன்றாக இருக்கிறது. எனக்கு அதில் எந்த மனக்குறையும் இல்லை. பண்ணையை அண்ணாச்சி திரும்பக் கட்டவில்லை. கரைகளை வெட்டித் தள்ளிவிட்டுத் தென்னை வைத்தார்.

அதன்பிறகு அவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். யுத்தம் முடிந்தபின் ஒருநாள், பாபநாசம் போய்விட்டுத் திரும்பும் வழியில் விசாரித்துக்கொண்டு என் குளத்துக்கே வந்துவிட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. காப்பி கொடுத்தேன். குளத்தைச் சுற்றிவந்தார். மடைவலையில் ஒட்டியிருந்த தழையைக் குனிந்து வழித்துப் போட்டார், பழைய பழக்கத்தில். கௌராமி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, அதை வளர்ப்பதில்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னிய, அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன்.

"நீரு கைத்தொழில்காரரு. எங்க போனாலும் பொழைச்சுக்கிடுவீரு" என்றார். "நான் இந்த ஊர்லதான சாகணும்."

சொன்னது பொய் என்று சொல்லவில்லை. தப்பு என்று சொல்லவில்லை. மடையைத் திறக்கச் சொன்னது நான்தான் என்று ஊரில் நாலு பேர் அறியச் சொல்லுகிறேன் என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக நான் காத்திருந்தேன். "பலகையைத் தூக்கியது நானும்தான்." அவ்வளவுதான். அவர் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, வரட்டுமா என்றார். சரி என்றேன். போனார். அதன்பிறகு தென்காசிப் பக்கம் எனக்கு எந்த வேலை வந்தாலும் ஆள் அனுப்பினேனே தவிர நான் போகவில்லை. பாவூர்சத்திரத்துக்கு மேற்கே கால் வைக்கக் கூசியது. அந்த வட்டாரத்தில் என்னைப் பார்க்கிற ஒவ்வொருவர் கண்ணிலும் களவாணி என்று எழுதியிருக்கும் என்று நினைத்தேன்.

சாவு வீட்டில் முற்றத்துப் பந்தலில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கோமதி மதினி என்னைப் பார்த்ததும், "வந்துட்டியளா" என்று மட்டும் கேட்டார். பக்கத்தில் ஒரு கிழவர் வந்து உட்கார்ந்து வெற்றிலைப் பையைப் பிரித்தார். செல்லையா. அன்று மருதமரத்தடியில் எங்கள்மேல் வழக்குச் சொன்ன அதே செல்லையா. என்னை அடையாளம் கண்டு, முகமலர்ந்து, எங்கே இருக்கிறேன், பிள்ளைகள் எத்தனை என்றெல்லாம் விசாரித்தார். நான் தயங்கித் தயங்கிப் பதில் சொல்வதைப் பார்த்து, அவராகவே சொன்னார்.

"ஒங்கள ஒருத்தரும் தப்பா நினைக்கல, ஐயா. எங்களுக்கு அன்னைக்கே தெரியும். எங்க ஆளு ஒருத்தன் வரப்புல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தான். ரெண்டு பேருந்தான் பலகையத் தூக்குனிய."

பிறகு ஏன், என்று கேட்டேன்.

"சம்பந்தி வீடாப் போச்சுல்லா. அவுகளக் குத்தஞ்சொன்னா கல்யாணம் நிக்கும். நீங்க வெளியூரு. போயிருவிய. அதான் அவுக சொன்னத அப்படியே வச்சுக்கிட்டோம்."

கள்ளமில்லாமல்தான் சொன்னார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார். வெற்றிலையும் நீட்டினார். அதை வாங்கிக்கொண்டேன்.

ஒருவர் எனக்குத் துரோகம் செய்தார் என்று நினைத்துக்கொண்டு இத்தனை காலம் இருந்தேன். ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது. மதினிக்கும் தெரிந்திருக்கும். தெரியாத மாதிரி இருந்தால் எல்லோருக்கும் சௌகரியம் என்று அத்தனை பேரும் ஒன்றாக முடிவு செய்திருக்கிறார்கள், யாரும் வாய் திறந்து பேசிக்கொள்ளாமலே. அந்தச் சௌகரியத்துக்குப் பலியானவன் நான். தென்காசிப் பக்கம் தலைகாட்டக் கூசிக்கொண்டு நான் இருந்தபோது, அங்கே என்னைக் களவாணி என்று நினைத்தவர் ஒருவர்கூட இல்லை. இது எனக்கு ஆறுதலாக இல்லை, செல்லையா அவர்களே. நீங்கள் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள்.

மன்னித்துவிட்டேன் என்று இந்த இடத்தில் எழுதினால் புத்தகத்துக்கு அழகாக இருக்கும். எழுதினால் அதுவும் ஒரு பொய்ச் சாட்சி. ஆவுடைநாயகம் அண்ணாச்சி அவர்கள் சிரிப்பை அடக்கிய அண்ணன்மாருக்கு முன்னால் சதுப்பு நிலத்தில் மீன் வளர்த்துக் காட்டியவர். சாதி ஒதுக்கியபோது ஒதுங்காதவர். வீட்டு வாசல் கதவைக் கழற்றி வெள்ளத்துக்குக் கொடுத்தவர். மருதமரத்தடியில் என்னைக் கைவிட்டவரும் அவரே. நால்வரும் ஒருவர்தான் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு இன்னும் கடினமாக இருக்கிறது. ஆனால் நான்கையும் எழுதிவிட்டேன். அன்றைக்கு மடையைத் திறக்கச் சொன்னவர் அவர். பலகையின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். இது இனி அச்சில் இருக்கும்.

மறுநாள் காலை எடுத்தார்கள். சாரல் பிடித்திருந்தது. சங்கு முன்னே போக, கால்வாய்க் கரை வழியாகச் சுடுகாட்டுக்குப் போனோம். பழைய பண்ணை இருந்த இடத்தில் தென்னைகள் ஓங்கி வளர்ந்து நின்றன. அந்த இடத்துக்குச் சற்று முன்னால் தோள் மாற்றுவதற்காகப் பாடையை நிறுத்தினார்கள். கொள்ளிச்சட்டி ஏந்தி முன்னால் போய்க்கொண்டிருந்த குற்றாலிங்கம் திரும்பிப் பார்த்து, "சித்தப்பா, இங்கன வாங்க" என்றார். உறவுமுறை இல்லாதவர் எப்படி என்று ஒரு பெரியவர் முனகினார். குற்றாலிங்கம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் போய்த் தோள் கொடுத்தேன். கரை முழுக்கச் சேறு. கால் வழுக்கியது. வயதான மனுஷர்தானே என்று நினைத்திருந்தேன்; நல்ல கனம். மழைத்தண்ணீர் மூங்கில் வழியாக ஓடிவந்து என் கழுத்தில் இறங்கியது. தென்னைகளைத் தாண்டும்வரை சுமந்தேன். அங்கே வேறொருவர் வந்து என் இடத்தை வாங்கிக்கொண்டார். நான் ஓரமாக விலகி நின்றேன். சங்குச் சத்தம் முன்னே முன்னே போய்க்கொண்டிருந்தது.

போயிட்டு வாங்க, அண்ணாச்சி.